கிறகரி நின்ற தூரம்

சண்டை முடிந்து குடும்பங்கள் ஊர் திரும்பிய மறுவருடம், கண்காட்சிக்காக ஓடுபாதையில் ஒரு பெரிய விமானத்தை நிறுத்தியிருந்தார்கள். பள்ளிமுனைப் படக்காரர் சந்தியோகு இரண்டு லென்சுகளோடு அங்கே போய்விட்டார். ஒன்று அகலமானது, கிட்ட நின்றே முழு விமானத்தையும் பிடிக்கும், ஆனால் ஓரத்தில் நிற்பவரைப் பூசணிக்காய் ஆக்கிவிடும். மற்றது நீளமானது, தூரத்தில் நிற்பதையும் கிட்ட இழுத்துக் காட்டும்.

இடம்பெயர்ந்ததில் வீட்டுப் படமெல்லாம் தொலைத்த யசிந்தாவுக்கு, விமானத்தோடு ஒரு குடும்பப் படம் வேண்டும். புருசன் கிறகரியோ விமானத்துக்கு நூறு காலடி இங்காலேயே நின்றுவிட்டான். குண்டுக்குப் பயந்து பதுங்குகுழியில் கிடந்தவனுக்கு, விமானத்தைக் கண்டால் கால் எழும்பாது.

"மாப்பிள்ளை கலியாண நாளண்டைக்கும் இப்பிடித்தான் பின்வாங்கினவர்," என்று சந்தியோகு சீண்டினார். "நீங்களும் பிள்ளையளும் அவருக்குப் பக்கத்தில வாங்கோ."

"விமானம் அங்கயெல்லோ நிக்குது, அண்ணை!" என்றாள் யசிந்தா.

அவர் நீள லென்சை மாட்டிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தார். வேலி முதுகில் இடித்த பிறகுதான் படம் எடுத்தார்.

அவர் கொண்டுவந்து காட்டிய கமராவில் பார்த்தால், கிறகரியின் தோளுக்குப் பின்னாலேயே விமானம் மலைபோல் நின்றது.

"இவ்வளவு கிட்டயோ நிண்டனான்?" கிறகரி சிரித்துவிட்டான். பிறகு மகளின் கையைப் பிடித்தான். "இன்னொண்டு எடுங்கோ, அண்ணை. விமானப் பக்கமாக் கொஞ்சம் அங்கால போய் நிக்கிறன்."