ஸுஹைறாவின் உம்றாவும் ஹமீடின் சீனியும்

சாய்ந்தமருதில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஸுஹைறாவுக்கு ஐம்பத்தாறு வயது. பிள்ளைகளையெல்லாம் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு ஒரே ஆசைதான் மிஞ்சியிருந்தது: கால் நடக்கும்போதே கணவரோடு மக்காவுக்கு உம்றா போய்வர வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றது ஊராரின் அன்பு என்றால் நம்புவது கடினம்.

கணவர் அப்துல் ஹமீட் சாகாமத்தில் வயல் செய்கிறவர். நெடுநாள் சீனி வருத்தக்காரர், நீரிழிவு. சீனிக்காரர்களை டொக்டரின் கடிதம் இல்லாமல் கூட்டிப்போக மாட்டேன் என்று உம்றாக் குழுவை நடத்தும் ஜவுபர் முதலிலேயே சொல்லியிருந்தார். டொக்டர் சுஜித்தா இருவருக்கும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார். பிறகு ஹமீடின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"ஊசி கிருமிக்குத்தான் காவல், ஐயா. சீனிக்கு நீங்கதான் காவல். இப்படியே அந்த வெயில்ல நடந்தா விழுந்திடுவீங்க. இறங்கினாத்தான் கடிதம்."

"இறங்கும் டொக்டர்," என்றார் ஹமீட், ஏதோ வாய்க்கால் தண்ணீரைப் பற்றிச் சொல்வதுபோல.

பயணம் போகிறவர் தாம் மனம் நோகச் செய்த எல்லோரிடமும் போய், மன்னித்துவிடும்படி மாப்புக் கேட்க வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் தண்ணீருக்காக ஹமீட் சண்டை பிடிக்காத ஆள் அந்த வயல் வட்டையில் இல்லை. மாப்புக் கொடுத்தவர்கள் யாரும் அவரைச் சும்மா அனுப்பவுமில்லை. ஒரு வீட்டில் கருப்பட்டி போட்ட வட்டிலப்பம், அடுத்த வீட்டில் புரியாணி, அதற்கடுத்த வீட்டில் இனிப்புத் தொதல். ஸுஹைறா கேழ்வரகு மாவில் சுட்டுக் கட்டிக்கொடுத்த குரக்கன் ரொட்டி கட்டினபடியே திரும்பி வந்தது.

"என்ன மச்சான் இது?"

"தட்டைத் தள்ளினா, மனசில இன்னும் கோபம் இருக்கெண்டு நினைப்பாங்க புள்ள."

"சண்டை பிடிக்கக்குள்ள அந்த யோசனை வரல்லியா?"

"றிஸ்மி பாவம். வட்டிலப்பத்தை அவனே ஊட்டி விட்டான்."

"போன போகத்தில மண்வெட்டியோட உங்களை வெட்ட வந்தானே, அந்த றிஸ்மியா?"

"ஓம்."

"அப்ப விட்ட வேலையை இப்ப முடிக்கிறான்."

மன்னிப்பு மனத்துக்குள் நடக்க வேண்டிய காரியம். நாமோ அதற்கும் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி தேடுகிறோம். வயிற்றைவிட வசதியான சாட்சி கிடைப்பதில்லை. ஹமீடின் பணிவைப் பலர் புகழ்ந்தார்கள். அந்தப் பணிவில் பாதிக்கு மேல் நாக்கின் ருசி.

டொக்டரிடம் இரண்டாம் முறை போனபோது சீனி முன்னையதைவிட ஏறியிருந்தது. ஹமீட் கெஞ்சினார், பிறகு கோபித்தார். டொக்டர் கடிதம் எழுதவில்லை.

வெளியே வந்ததும் அவர் சொன்னார், "ஜவுபரிட்டச் சொல்லி நம்ம ரெண்டு பேரையும் அடுத்த குழுவுக்கு மாத்துவம்."

"உங்களை மாத்தச் சொல்லுங்க. நான் போறன்."

"நான் இல்லாமலா?"

"என்ட கூடப்பிறந்த காக்காவும் இந்தக் குழுவிலதானே போறார். அடுத்த குழு போறதுக்குள்ள நீங்க இன்னும் நாலு பேரோட சண்டை பிடிப்பீங்க. திரும்ப மாப்புக் கேட்பீங்க. திரும்பத் தின்பீங்க. அதுக்கெல்லாம் நான் காத்திருக்கேலாது."

ஹமீட் பரிசோதனைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அங்க போய் எனக்கு துஆவாவது கேள்."

"கேட்பன்."

"என்னெண்டு?"

"உங்கட வாய் அடங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளும் பகிடிக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை வேன் வந்தபோது அவளுடைய பெட்டி மட்டும்தான் ஏறியது.