நாத்தனார் முடிச்சு

என் தம்பியின் கல்யாண பேனரில் என் கணவரைச் செத்தவர்கள் வரிசையில் போட்டிருந்தார்கள்.

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய மண்டபம். ரிசப்ஷன் அன்று சாயங்காலம், சீர்த்தட்டுகளோடு ஆட்டோவிலிருந்து இறங்கி நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். நடுவில் தம்பியும் பெண்ணும். சுற்றிலும் அவன் சேக்காளிகள், கூலிங்கிளாஸும் மடித்துக் கட்டிய கையுமாக. மேலே இடது மூலையில் என் அப்பா. அவர் போய் வெகுகாலம் ஆகிறது. அவர் படத்துக்குக் கீழே குத்துவிளக்கு எரிந்தது, அது சரிதான். அவருக்குப் பக்கத்தில், அதே வட்டத்துக்குள், அதே விளக்கோடு, என் வீட்டுக்காரர்.

அவர் செத்ததாக எனக்குத் தகவல் இல்லை. இருக்கிறார் என்றும் தகவல் இல்லை. பூந்தமல்லி பக்கம் ஒருவரிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் வேனைத் துடைத்து நிறுத்தி, சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தேன். கோயில், குளம், ஆஸ்பத்திரி எல்லாம் தேடினேன். சாவியைப் பொறுப்பாகக் கொடுத்துவிட்டுப் போனவர் வழிதவறிப் போகவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தாலியைக் கழற்றவில்லை. எந்தக் கணக்கில் கழற்றுவது?

பேனர் அடித்துக் கொண்டுவந்த தம்பியின் சேக்காளியை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"உங்க மாமா எப்படா செத்தாரு?"

அவன் அண்ணாந்து பார்த்தான். முகம் வெளிறிப் போனது. "அக்கா, சத்தியமா நான் சொல்லலக்கா. கடக்காரன் போட்டுக்கீறான். எல்லாரும் செல்ஃபி அனுப்பிச்சாங்கோ. அப்பாதும் மாமாதும் மட்டும் பாஸ்போர்ட் போட்டோ. ரெண்டையும் சாமி போட்டோன்னு நெனச்சிக்கினான் போல."

அந்தப் படம் நான் கொடுத்ததுதான். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதற்காகப் பிரதி எடுத்தது. என் செல்லில் இருந்த தெளிவான படம் அது ஒன்றுதான். தம்பி கேட்டதும் அனுப்பிவிட்டேன். நீலப் பின்னணியில், காலர் பட்டனை மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் இருப்பார். உயிரோடு இருக்கிற எவன் இந்தக் காலத்தில் அப்படிப் படம் எடுத்துக்கொள்கிறான்? கடைக்காரனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. ஒரு நிமிஷம், நிஜமாகவே ஒரு நிமிஷம், நிம்மதியாக இருந்தது. அப்படியே முடிந்துபோனால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்துவிடலாமே என்று தோன்றியது. அதற்கு அப்புறம்தான் என்ன நினைத்தேன் என்பதே உறைத்தது.

பையன்கள் எங்கிருந்தோ பலூன் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு மேல் கட்டினார்கள். கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் போகும்போது காற்றடித்தது. பலூன் விலகும், அவர் எட்டிப் பார்ப்பார், மறுபடி மூடிக்கொள்ளும். வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பன்னீர் தெளித்துக்கொள்வதை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள்.

எனக்கு இதில் என்ன பெரிய கவலை என்றால், மறுநாள் காலையில் நாத்தனார் முடிச்சு போடவேண்டியவள் நான். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் அவன் அக்கா தங்கச்சி போடவேண்டும். என் தம்பிக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அவன் பிறந்தபோது தூக்கிக்கொண்டு திரிந்தவள். பெண் பார்க்கப் போகும்போதே அம்மாவுக்கு யோசனை, புருஷன் விட்டுப் போனவள் முடிச்சு போடப் பெண் வீட்டார் ஒப்புக்கொள்வார்களா என்று. அதனால் அவர்களிடம் என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்று ஒரு போடு போட்டுவிட்டாள். தம்பி மட்டும், "நீ முடிச்சு போடலன்னா எனுக்குக் கல்யாணமே வாணாங்க்கா" என்று அழுகிற மாதிரி சொன்னான். நான் அதை நம்பினேன். மஞ்சள் கயிறு ஒன்று வாங்கி, பீரோ கைப்பிடியில் கட்டிக் கட்டிப் பழகினேன். சீக்கிரமாகவும் போடவேண்டும், இறுக்கமாகவும் விழவேண்டும். ஐயர் அவசரப்படுத்துவார், வீடியோக்காரர் குறுக்கே வருவார். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தி வாசலில் பெண்ணின் அத்தை என்னைத் தனியாக நிறுத்தினாள். செந்நீர்குப்பத்துக்காரி, நல்ல மாதிரியான பொம்பளை.

"ஏம்மா, உன் ஊட்டுக்காரரு துபாய்ல கீறார்னுதானே சொன்னீங்கோ? மேல வெளக்கு எரியுதே."

அம்மா நாலடி தள்ளி நின்று கண்ணாலேயே என்னை மிரட்டினாள். கடைக்காரன் தப்பு, துபாய்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் செத்தவராகவும் துபாய்க்காரராகவும் ஒரே ராத்திரியில் அவரைச் சுமக்க என்னால் முடியவில்லை.

"அவரு கீறாரா இல்லியான்னு எனுக்கே தெரியாதுங்க. உட்டுட்டுப் போனவரு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னத் தப்பா சொல்லல கண்ணு. எங்களுக்குக் கீறது ஒரே பொண்ணு. முடிச்சு மட்டும் வேற யாராச்சும் போடட்டுமே." அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதனால் அவளோடு சண்டைகூடப் போட முடியவில்லை.

காலை முகூர்த்தத்துக்கு நான் மேடையேறவில்லை. யாரும் ஏறாதே என்று சொல்லவில்லை, ஏறு என்றும் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் சித்தப்பா மகள் நின்றாள், அம்பத்தூரில் இருப்பவள். நீளமாக நகம் வளர்த்து அதில் கல் பதித்திருந்தாள். கெட்டி மேளம் என்று சத்தம் வந்ததும் தம்பி தாலியை எடுத்தான். எடுத்தவன் ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்தான். என்னைக் கண்டுபிடித்துவிட்டான், முதல் வரிசையில்தானே இருந்தேன். உடனே தலையைக் குனிந்துகொண்டு முதல் முடிச்சைப் போட்டான். மீதி இரண்டையும் அவள் போட்டாள்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த இடத்தில் அவன் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பார்க்காமலாவது இருந்திருக்கலாம். கையிலிருந்த அட்சதையை நானும் போட்டேன். அதைப் போடக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கல்யாணம் முடிந்த வீடு, கேட்கவா வேண்டும். வாசலில் செருப்பு மலை. கூடத்தில் மண்டபத்திலிருந்து வந்த சாம்பார் வாளி, லட்டு டப்பா, வாடிப்போன மாலை. ஆம்பிளைகள் எல்லாம் மின்விசிறிக்குக் கீழே விழுந்து கிடந்தார்கள். தம்பி பட்டுச் சட்டையோடு வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். விசேஷ சாப்பாடு தின்று அலுத்துப்போன வாய்க்கு அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், எல்லாரும் டம்ளரில் வாங்கிக் குடித்தார்கள். நான் ஒரு வாளியில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரோ செல்லில் எங்கள் பெரியப்பா டிஜேவுக்கு ஆடிய வீடியோவைப் போட்டார்கள். அவர் வேட்டி அவிழப்போவது தெரியாமல் ஆடுகிறார். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் அப்போதுதான் சிரித்தேன், காலுக்கும் இதமாக இருந்தது.

மழை பிடித்தது. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கூரை சீட் ஒழுகும். அதற்கு ஆகும் என்று தம்பியின் சேக்காளிகள் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாண பேனரும் வீணாகப் போகாது. "மூஞ்சி தெரியாத மாதிரி திருப்பிப் போடுங்கடா" என்றாள் அம்மா. தெருவுக்கு மூஞ்சி தெரியக்கூடாது என்பது அவள் கவலை. அவர்களும் வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி, சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே நீட்டி இழுத்துக் கட்டினார்கள். மழைக்கு வெள்ளை, கீழே நிற்கிற எங்களுக்கு முகம். அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பெண் உள் அறையிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணி, இந்தச் சடையக் கொஞ்சம் கழட்டி உடுறீங்களா?"

போனேன். தலையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எத்தனை ஊசி, அந்தச் சின்னத் தலையில். பாதியில் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தாலியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"முடிச்சு அவுந்துகினு வருது அண்ணி. வண்டிலயே தெரிஞ்சிது. யாராண்டயும் சொல்லல. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா ஊரக் கூட்டிடும்."

பார்த்தேன். முதல் முடிச்சு கெட்டியாக இருந்தது. மற்ற இரண்டும் பெயருக்குத்தான் இருந்தன. அந்த நகத்தை வைத்துக்கொண்டு வேறு எப்படிப் போடுவாள்?

நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. அம்பத்தூர்க்காரிக்கும், அத்தைக்கும், தலையைக் குனிந்த தம்பிக்கும், எல்லாருக்கும் வேணும். சந்தோஷமாகக் கையை நீட்டினேன். கயிறு விரலில் பட்டதும் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது.

"நான் போடலாமா?" என்றேன்.

இதைக் கேட்டது நான்தான். காலையிலிருந்து எந்த நினைப்புக்காக ஊரையே உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனோ, அது என் வாயிலிருந்தே வந்தது. அம்மாவைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். அம்மா நெற்றியில் பொட்டு கிடையாது. சித்தப்பா மகள் மண்டபத்திலிருந்தே அம்பத்தூர் போய்விட்டாள்.

"உங்களத்தானே அண்ணி கூப்ட்டேன். சீக்கிரம் போடுங்க, யார்னா வந்துடப் போறாங்கோ."

அவள் முடியை முன்னால் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்தாள். கழுத்தில் கயிறு அறுத்த இடம் சிவந்திருந்தது. இரண்டு முடிச்சையும் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பீரோ கைப்பிடியில் பழகின பழக்கம் விடவில்லை, இறுக்கமாகத்தான் விழுந்தது. மேளம் இல்லை. கூடத்தில் பெரியப்பா வீடியோவை மறுபடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நுனியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் கயிறு மாதிரி கீது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். உடனே தூங்கியும் போனாள்.

இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மேடையில் கிடைக்காத உரிமை கதவைச் சாத்திய அறையில் கிடைத்தது, சந்தோஷப்படத்தான் வேண்டும். அன்று சாயங்காலம்வரை கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு அப்புறம் தம்பி பைக்கில் செந்நீர்குப்பத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். ஒன்றுமில்லாத காயம். அவன் பெண்டாட்டி மஞ்சள் வைத்துக்கொண்டே அவனைக் கிண்டல் செய்தாள். எனக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

என் கை ராசியில்லாத கை என்று ஊர் சொன்னபோது நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றுதான் இன்றும் சொல்வேன், யார் கேட்டாலும். ஆனால் தம்பி ஷிப்ட் முடிந்து வருகிற நேரமானால் நான் பின்பக்கம் போய்ப் பாத்திரத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். தலைக்கு மேல் பேனரில் அவர், அணையாத விளக்கோடு, என்னையே பார்த்துக்கொண்டு. தெருமுனையில் பைக் சத்தம் கேட்கிறவரை கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன்.