செல்லக்கனி பிடுங்கிய ஆணி

ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் செல்லக்கனியை அறியாதவர் இல்லை. உப்பு வாருவதில் இரண்டு ஆளுக்குச் சமம், வாய் நாலு ஆளுக்குச் சமம். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் அவள் புருஷன் சுடலைமாடன் கொதிக்கிற காய்ச்சலோடு படுத்துக் கிடந்தான். கங்காணி அய்யாக்குட்டி அவனை எழுப்பி உச்சி வெயிலில் பாத்திக்கு அனுப்பினார். அங்கேயே விழுந்து செத்தான். ஊர் கூடி "முனி அடிச்சிட்டு" என்றது. முனியைக் கட்டுகிறேன் என்று பேயோட்டும் கோடாங்கி ஊர்ப் புளியமரத்தில் ஓர் ஆணி அடித்தான். அத்தோடு சரி, கங்காணியை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பத்து நாலில் கிணற்று விவகாரம். எங்கள் குடியிருப்புக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. ஒரு விடியற்காலையில் ராஜதுரை, உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீரைத் தகரம் தகரமாக அதில் கொட்டிக்கொண்டிருந்தான். செல்லக்கனி கையும் களவுமாகப் பிடித்தாள். ராஜதுரை மாட்டுவண்டியில் ஆத்தூர்த் தண்ணீர் கொண்டுவந்து விற்பவன். ஏன் கொட்டினான் என்று விளக்க வேறு வேண்டுமா? ஊர் திரண்டதும் தரையில் விழுந்து உருண்டான். தொண்டையை மாற்றிக்கொண்டு, "நான் ஆத்துக் கசத்துல கிடக்க பேய்லே" என்று உறுமினான்.

போச்சு. கோடாங்கி வந்தான், சேவல் வந்தது, ராஜதுரையின் உச்சிமுடியை வெட்டிச் சுற்றி அதே மரத்தில் இன்னோர் ஆணி இறங்கியது. அவன் எழுந்து முகம் கழுவிக் கருப்பட்டிக் காப்பி குடித்தான். கிணற்றுக்குத்தான் குணமாகவில்லை.

"அவன் என்னளா செய்வான், பாவம்? செஞ்சது பேயி" என்றார் கங்காணி.

"நாசம் பண்ண பேய் எதுக்கு அண்ணாச்சி, மனுசன் பத்தாதா?" என்றாள் செல்லக்கனி. "நாளைக்கும் கொட்டுவான். நாளைக்கும் ஆணி அடிப்பியளா?"

யார் கேட்டார்கள்? மறுநாள் புளியமரத்தடியில் அவன் வண்டி முன்னால் அத்தனை பேரும் குடத்தோடு நின்றோம். ஆம், நானும்தான். "உடம்பு இப்ப தேவலையா?" என்று விசாரிப்பு வேறு. எரிச்சல் தாங்காமல் செல்லக்கனி கொல்லன் பட்டறையிலிருந்து குறடு வாங்கிவந்து, புது ஆணியைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, பேயை அவுத்து விடுதாளே!"

குடங்களைப் போட்டுவிட்டுக் கூட்டம் சிதறியது. முதலில் ஓடியவன் கோடாங்கி. ஆணி முடியோடு கையில் வந்தது. ராஜதுரை மட்டும் வண்டியில் அசையாமல் உட்கார்ந்து, வியாபாரம் கெட்டதே என்று சலித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒன்னைய பிடிச்ச பேய்தானே? எல்லாரும் ஓடுதாவ, நீ ஏம்லே ஓடல?" என்றாள் செல்லக்கனி. "பேய் இல்லன்னு இந்த ஊர்ல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் ஒனக்கும்."

ஓடியவர்கள் நின்று திரும்பினார்கள். அப்போதுதான் ராஜதுரை நடுங்கத் தொடங்கினான். ஒருவரும் கோடாங்கியைக் கூப்பிடவில்லை. கிணற்றை ராஜதுரையே இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

செல்லக்கனி குறட்டைக் கீழே போடவில்லை. மேலே துருவேறிக் கிடந்த, சுடலைமாடன் செத்தபோது அடித்த பழைய ஆணியைக் கவ்விப் பிடித்தாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இதுல இருக்கது யாரு?" என்று கேட்டாள்.

கங்காணி அய்யாக்குட்டி தரையைப் பார்த்தார்.