கதவில் தொங்கிய கேரியர்

என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் வேலை. கப்பலின் அடித்தளத்தில் இறங்கி, மூட்டைகளைக் கொக்கியில் மாட்டி மேலே அனுப்பும் ஆட்களில் ஒருவர். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சாயங்காலம் அவர் சட்டையை முகர்ந்தே அன்று என்ன கப்பல் என்று சொல்லிவிடுவேன். கந்தகம் என்றால் கண் எரியும். உரம் என்றால் துணியைத் தனியாக ஊறவைக்க வேண்டும். கோதுமைக் கப்பல் வந்த நாட்களில் அவருடைய காக்கி பேண்டின் மடித்த கால் நிறைய மணிகள் இருக்கும். வாசலிலேயே உதறச் சொன்னால் கேட்கமாட்டார். உள்ளே வந்து பாயில் சாவகாசமாக உட்கார்ந்து மடிப்பைப் பிரிப்பார். பொலபொலவென்று கொட்டும். அப்புறம் எறும்பு, எலி, துடைப்பம், நான்.

அது எனக்குப் பிடித்திருந்தது என்பது அப்போது எனக்கே தெரியாது. பிடிக்கவில்லை என்றுதான் தினமும் கத்தினேன். அன்று காலையிலும் கத்தினேன்.

"இன்னொரு தபா வூட்டுக்குள்ள கோதும கொட்னா, நீ வராதயே இரு. அந்தக் கப்பல்லயே படுத்துக்க."

அவர் சிரித்துக்கொண்டே டிபன் கேரியரை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். வழக்கமாகச் சந்து முனைவரை போய்ப் பார்ப்பேன். கோபத்தில் போகவில்லை.

எங்கள் சந்தில் ஹார்பர்க்காரர் வீடுகள்தான் அதிகம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கூட இருப்பவர்கள் முதலில் அவர் கேரியரைக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பார்கள். வாயால் சொல்ல யாருக்கும் மனசு வராது. கேரியர் வந்தாலே வீட்டுக்காரி புரிந்துகொள்வாள். எதிர் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். அதனால் எங்கள் சந்து ஆண்கள் சும்மாக்கூடத் தங்கள் கேரியரை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார்கள்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் கதவு நாதாங்கியில் அவருடைய கேரியர் தொங்கிக்கொண்டிருந்தது.

குடம் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. கால் நனைந்தது மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். கேரியரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருக்கா கொண்டாந்தது?"

"தெர்லியேமா. நான் பின்னால துணி தோச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு அதைத் தொடப் பயமாக இருந்தது. தொட்டால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது. காலையில் நான் சொன்ன வார்த்தை காதுக்குள்ளேயே நின்றது. மாதாவே, என் வாய்க்கு நீ காது கொடுக்காதே என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினேன். செருப்பு போடவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று ஆடி அசைந்து போனது. ஒரு வண்டிக்கு இத்தனை பெட்டி எதற்கு என்று அழுகையாக வந்தது.

ஹார்பர் கேட்டில் காவல்காரர் நின்றிருந்தார். அவரிடம் என் புருஷன் பெயரைச் சொன்னேன். அதுவரை நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

"அந்தப் பேர்ல உள்ள பத்து பேர் கீறாங்கமா. டோக்கன் நம்பர் இன்னா?"

தெரியாது. அவர் தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு போகும் அந்தப் பித்தளை டோக்கன் வில்லையை நானே எத்தனையோ முறை புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். அதில் இருந்த எண்ணை ஒருநாளும் மனசில் வாங்கிக்கொண்டதில்லை. வாசனையை வைத்துக் கப்பலைச் சொல்லும் கெட்டிக்காரிக்கு அது தெரியவில்லை.

"எதுனா ஆயிருந்தா எனக்கு சேதி வந்திருக்கும். வர்ல. ஓரமா நில்லு, சங்கு ஊதுனா எல்லாம் வெளிய வருவாங்க."

நான் நம்பவில்லை. சொல்ல மனசு வராமல் இவரும் மறைக்கிறார் என்றே நினைத்தேன். தார் ரோட்டில் கால் மாற்றி மாற்றி நின்றேன். அந்த நேரத்தில் கல்யாணமோ, புதுப் புடவையோ, பெரிதாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. சைக்கிள் சந்துக்குள் திரும்பும்போது காலி கேரியர் கலகலப்பது, மடிப்பைப் பிரிக்கும்போது அவர் சின்னப் பிள்ளைபோல நாக்கைத் துருத்திக்கொள்வது, பாயில் கோதுமை கொட்டுவது, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. இதெல்லாம் சந்தோஷம் என்று யாராவது முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

சங்கு ஊதியது. தூசியில் வெளுத்து எல்லோரும் ஒரே மாதிரி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக வந்த நாலைந்து பேரில் ஒருவராக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார்.

"இன்னாமே இங்க நிக்கற? எறா ஆக்கிட்டியா?"

நெஞ்சில் ஓங்கிக் குத்தினேன். தூசி பறந்து இருமினார்.

மீன்பிடிக்கும் காசிமேட்டுக் கூட்டாளி ஒருவர் அவருக்கு இறால் கொடுத்திருக்கிறார். காலைச் சண்டைக்கு அதை வைத்துச் சமாதானம் பேசலாம் என்று இவருக்கு யோசனை. வெயிலில் கெட்டுவிடுமே என்று, சாப்பிட்டுக் கழுவிய கேரியரில் போட்டு, திருவொற்றியூர் மில்லுக்குக் கோதுமை ஏற்றிப்போன லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். டிரைவர் வெளியூர் ஆள், எங்கள் வழக்கம் தெரியாது. வீட்டில் யாரும் இல்லை, மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"கைல குட்துட்டு சொல்லிட்டுப் போன்னுதான் சொன்னேன். எறா கெட்டுப்பூடுமேன்னு அது ஒண்ணுதான் நெனப்புல..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தான் செய்தது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவரும் பயப்படுவார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கேரியரைத் திறந்தோம். எறா நாறிப்போயிருந்தது. பூனைகளுக்குக் கொட்டிவிட்டு, ரசம் வைத்தேன். நான் சொல்லாமலேயே அவர் வாசலில் குனிந்து பேண்ட் மடிப்பில் கை வைத்தார்.

"உள்ள வந்து கொட்டு" என்றேன்.

பாயில் கோதுமை கொட்டியது. நான் துடைப்பத்தை எடுக்கவில்லை. டோக்கன் நம்பரைக் கேட்டு, சர்ச்சில் பிள்ளைகள் ஞானோபதேசம் ஒப்பிப்பதுபோல் அவரிடமே மூன்று முறை ஒப்பித்தேன்.

அவர் ஓய்வு பெறும்வரை, தினமும் காலையில் சந்து முனையில் அவர் மறைந்த பிறகு, அந்த எண்ணை மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். சாயங்காலம் கேரியர் கலகலக்கும்வரை அந்தப் பயம் போகாது. ஹார்பர் கேட்டில் போய் வாய்விட்டு யாரிடமும் அந்த எண்ணைச் சொல்ல வேண்டி வரவில்லை.