கியோங்போக்குங்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்

இந்த ஆயுத பூஜை விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேரும் சியோல் போய்வந்தோம். நூர்ஜஹான் திருவல்லிக்கேணியில் தையல் கடை வைத்திருப்பவள். மல்லிகா தி.நகர் நகைக்கடையில் என்னோடு பில் போடுபவள். எனக்கு இடது காலில் போலியோ. தொடைவரை காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி போட்டு நடப்பேன். இதைச் சொல்லித்தான் டூருக்குப் பணம் கட்டினோம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் கியோங்போக்குங் வாசலில் நின்றது. அறுநூறு வருடத்துக்கு முந்தைய அரண்மனை. சென்னையிலிருந்து கூடவே வந்த டூர் மேனேஜர் என் சீட்டருகே குனிந்தார்.

"மேடம், உள்ள முழுக்க மண்ணும் கல்லும். நாப்பது நிமிஷம்தான் டைம். நீங்க பஸ்லயே இருங்க, போட்டோ எடுத்துட்டு வந்து காட்றோம்."

நான் வாய் திறப்பதற்குள் நூர்ஜஹான் எழுந்துவிட்டாள். "தீபாவளி கூட்டத்துல ரங்கநாதன் தெருவுல நடந்துகினு வர்றவ நைனா இவ. உன் அரண்மனை இன்னா பண்ணிடும்?"

எங்களுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், மெட்ரோவில் வந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நுழைவுக் கட்டணம் மூவாயிரம் வொன், நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சக்கர நாற்காலி இலவசமாகவே தந்தார்கள். வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டேன். மல்லிகா தள்ளினாள். அரியணை மண்டபத்து முற்றத்தில் கரடுமுரடான பாறைக் கற்கள். சக்கரம் சிக்கி நின்றது. எழுந்தேன். மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த முற்றத்தைக் கடக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. கால் எரிந்தது. எவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. மண்டப வாசலில் நின்று சிவப்பு அரியணையை ஆசை தீரப் பார்த்தேன். பிறகு குளக்கரையில் மூவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் ஹோட்டலில் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். என் சொந்தப் பொறுப்பில் குழுவை விட்டுப் போனேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "அரண்மனையை நடந்து பார்த்தேன்." அவர் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை விடுமுறை. மெட்ரோ மூன்றாவது லைன், கியோங்போக்குங் ஸ்டேஷன், ஐந்தாவது வாசல். ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். என்னைப் போன்றவர்கள் பணம் கட்டும்போதே காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கிற குரலில் மட்டும் சொல்லாதீர்கள்.