ரேடியோவின் ‘ம்?’

நான் ஒரு பிரார்த்தனை எழுதியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுதியது. யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள் என்று மறைத்தே வைத்திருந்தேன். ரேடியோ என்று நாங்கள் கூப்பிடும் பெண்தான் அதைக் கேட்டு வாங்கிக் கணினியில் அடித்து, ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

"இது படிக்கும். எங்க இடிக்குதோ அங்க நிறுத்தி நீங்களே திருத்திக்கோங்கக்கா."

எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

ரேடியோ எங்கள் அச்சகத்தில் பிழை பார்ப்பவள். நான் தாள் மடித்துப் பசை தடவுகிறவள். பிழை பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சடித்த தாளோடு ஒப்பிடுவார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் படிப்பவர் "ம்?" என்பார். எதிரில் இருப்பவர் "ம்" என்றால்தான் அடுத்த பத்தி. நாள் முழுக்கப் படித்துப் படித்தே அவளுக்கு அந்தப் பெயர் வந்தது.

கூட இருந்தவர் வேலையை விட்டுப் போனார். முதலாளி வேறு ஆள் போடவில்லை. கணினி பழுது பார்க்கும் அவள் அண்ணன், எழுதியதைப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்து தந்தார். அதற்குக் குரல் வேண்டுமே. சாப்பாட்டு நேரத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை தன் குரலைப் பதிந்தாள். பழக்கதோஷம், பத்தி முடிவில் வரும் "ம்?" என்பதையும் சேர்த்துப் பதிந்துவிட்டாள்.

"பதில் சொல்லாட்டி கோவிச்சுக்குமாடி?" என்றேன்.

"சொல்லித்தான் பாருங்களேன்!"

நான் பலமுறை என்னை அறியாமல் சொல்லியிருக்கிறேன்.

எழுத்தாளர்களுக்கு அது வரமாக வாய்த்தது. கண்ணுக்குத் தப்பியதெல்லாம் காதில் மாட்டிக்கொண்டது. நாவலாசிரியர் ஒருவர் எங்கள் அறையிலேயே பழியாகக் கிடந்து, தன் புத்தகம் முழுவதையும் அவள் குரலில் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. புத்தகத்தில் அச்சக விவரம் போடும் பக்கத்தில் தன் பெயரும் வர வேண்டும்.

"காகிதம் எத்தனை கிராம்னு கூடப் போடுறீங்க சார். குரல் யாரோடதுன்னு ஒரு வரி போடக் கூடாதா?"

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குப் போட்டா நாளைக்குப் பசை தடவுற அம்மாவும் வந்து நிப்பாங்க."

நாவலாசிரியர் குறுக்கே வந்தார். "அவர்ட்ட ஏம்மா கெஞ்சுற? என் முன்னுரையில நான் போடுறேன்."

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் பெயர் அச்சில் வரட்டும் என்று என் பிரார்த்தனையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

முன்னுரைத் தாள் மடிப்பதற்கு என் மேசைக்குத்தான் வந்தது. அவளை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். மனைவிக்கு நன்றி. மருத்துவருக்கு நன்றி. வீட்டு நாய்க்கும் நன்றி. கடைசியில், ‘அலுக்காமல் எனக்குப் படித்துக் காட்டிய என் கணினிக்கு நன்றி.’

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் நாவல் தொடங்கியிருந்தது.

நேராக முதலாளியிடம் போனாள். "என் குரலை அதுலேர்ந்து எடுத்துடறேன் சார்."

"உன் குரலா? எந்த ஊர் நியாயம்மா இது? கணினின்னு அவரே அச்சுல போட்டுட்டாரு. அது ஆபீஸ் சொத்து. கைய வச்சே, நடக்குறதே வேற."

 

சாயங்காலம் வேலையே வேண்டாமென்று சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல்வரை போனேன். உள்ளே யாரோ மென்பொருளை ஓடவிட்டிருந்தார்கள். அவள் குரல் எங்களுக்குப் பின்னால் தெளிவாகப் படித்துக்கொண்டிருந்தது. பத்தி முடிந்தது. "ம்?" என்றது. நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"பதில் சொல்லாதீங்கக்கா. கேட்டுக்கிட்டே கெடக்கட்டும்."