இடது கன்னத்தில் மூன்று பிரஷ்கள்

போன வாரம் மகன் எனக்கென்று ஆன்லைனில் ஒரு ஷேவிங் பிரஷ் வரவழைத்திருந்தான். பேட்ஜர் முடியாம். அறுபதை நெருங்குகிற மூஞ்சிக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று முனகிக்கொண்டே பெட்டியைப் பிரித்தேன். பிரித்த கையோடு அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மருமகள் ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு எங்கே தெரியும்? பனியன் தொழிலில் இருந்தவன் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் கன்னத்துக்குத்தான் கொண்டுபோவான். குழந்தைச் சட்டையானாலும் சரி, குளியல் துண்டானாலும் சரி. காய்ப்புக் காய்த்த விரலை நாங்கள் நம்புவதில்லை.

தண்ணீரில் நனைத்ததும் பிரஷ்ஷிலிருந்து லேசாக ஒரு மிருக வாடை வந்தது. புதுசில் அப்படித்தான் அடிக்கும். அந்த வாடை என்னை நேராக வேலம்பாளையத்துக் கம்பெனியின் சாம்பிள் ரூமில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, தொப்பையும் விழவில்லை. சாமளாபுரத்துத் தறிச் சத்தத்துக்குத் தப்பி ஓடிவந்து தையல் மெஷின் சத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்தவன் செல்வம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஒரே அறையில்தான் இருந்தோம். ஊரில் அவனுக்குப் பெண் நிச்சயமாகி, தை மாதம் கல்யாணம் என்று நாளும் குறித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் போட்டோவை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காட்டுவான். டீக்கடைக்காரரே ரெண்டு தடவை பார்த்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் சரக்கு வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையர், அப்பாக்களுக்குப் பரிசுப்பெட்டி ஒன்று கேட்டிருந்தார். ஒரு பனியன், ஒரு துண்டு, ஒரு ஷேவிங் பிரஷ். பனியன் ஊரில் பிரஷ்ஷுக்கு எங்கே போவது? மாதிரிக்கு மூன்றை அவரே அனுப்பி, எது மெது, எது விறைப்பு, எதைப் பெட்டியில் வைக்கலாம் என்று கேட்டிருந்தார். ஒன்று பன்றிமுடி. மற்ற இரண்டும் பேட்ஜர்: ஒன்று கறுப்பு, இன்னொன்று நுனி வெளுத்தது. பேட்ஜர் என்றால் என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது. "கீரிப்புள்ளைக்கு அண்ணனாட்ட இருக்குமுங்க" என்றார் மேனேஜர். அவரும் பார்த்தவரில்லை.

துணிக்குப் பார்ப்பதுபோலவே காய்ந்த பிரஷ்ஷைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, நுனி வெளுத்ததுதான் ஒசத்தி என்று முடிவுகட்டினோம். அதற்கப்புறம்தான், பிரஷ்ஷை நனைத்தல்லவா போடுவார்கள் என்று எனக்கு உறைத்தது. நனைத்ததும் எல்லாம் தலைகீழ். விளக்குமாறு மாதிரி குத்திய பன்றிமுடி தண்ணீர் குடித்துத் தளர்ந்தது. நுனி வெளுத்தது மடங்கிப் படுத்துக்கொண்டது. கறுப்புதான் நுனியில் மெத்தென்றும் அடியில் விறைப்பாகவும் நின்றது.

கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்கிறேன் பார் என்றான் செல்வம். வலது கன்னத்தில் வைத்த மூன்றையும் சரியாகச் சொன்னான். இடது கன்னத்தில் வைத்தபோது, "மூணும் ஒண்ணுதாம்ல" என்றான். நாங்கள் சிரித்தோம். பன்றிமுடியை அழுத்தித் தேய்த்தேன். முகம் சுளிக்கக்கூட இல்லை. விளையாட்டுக்குக் கன்னத்தைக் கிள்ளினேன். நகம் பதிந்துவிட்டது. அவன் கண்ணைத் திறக்காமலே, "சரி, அடுத்தத வைல" என்றான்.

அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கன்ன எலும்புக்குக் கீழே வெளிறினாற்போல ஒரு வட்டம் இருந்தது. தேமல் என்று மாதக்கணக்கில் அதற்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தான் அவன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொழுநோய் என்றார். ஆரம்பம்தான், மாத்திரையில் முழுசாகக் குணமாகிவிடும், சாப்பிட ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது, தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். வெளியே வந்து, "யார்ட்டயும் சொல்லிராதல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான் செல்வம். நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மாத்திரைக்கு முகம் கறுத்துக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் கேட்டார்கள், கேட்டவர்கள் விசாரித்தார்கள். சேதி அவன் ஊர்வரைக்கும் போய்விட்டது.

மேனேஜர் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. ஊட்டுக்குப் போயி ஒடம்ப நல்லாப் பாத்துக்கிட்டு வாங்க. பையரு வந்துபோற எடம் பாருங்க" என்றார். எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவோம். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதே முகூர்த்தம், அதே மண்டபம், அதே பெண். மாப்பிள்ளை மட்டும் செல்வத்தின் தம்பி. குறித்த நாளை விடக்கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்களாம். கல்யாணம் முடிகிறவரை செல்வத்தைப் பக்கத்து ஊரில் அத்தை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மாத்திரையெல்லாம் முடித்து, குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு திரும்பி வந்தான். "ஆளு போட்டாச்சுங்களே" என்றார் மேனேஜர். கடைசியில் அவிநாசிபாளையத்தில் ஒரு கழிவுப்பஞ்சு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனான். தாடி வளர்த்துக்கொண்டான். எனக்குக் கல்யாணமாகி மகன் பிறந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி வாங்கிக்கொண்டு போவேன். ஒருநாள் தாகத்தில் அவன் டம்ளரை எடுத்து வாயில் வைக்கப்போனேன். பாய்ந்து பிடுங்கிக்கொண்டான்.

"வைல கீழ! ஒனக்குப் பிள்ள இருக்குல்லா?"

"ஏப்பா, டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னு எப்பவோ சொல்லிப்போட்டாரே?"

"டாக்டரு சொல்லுவாரு" என்று அதைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஊரார் சொன்னால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். சொன்னது அவனே. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. சாம்பிள் ரூம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டி, வடக்கத்திப் பிள்ளைகளை வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். மேனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செல்வமும் போய்விட்டான். தகவல் சொன்னதும் தம்பியும் அவன் பெண்சாதியும் பஸ் பிடித்து வந்தார்கள். குடோன் முற்றத்தில் செல்வத்தைக் கிடத்தியிருந்தோம். தம்பி கிட்டே வராமல் கேட் ஓரத்திலேயே நின்றான். நான் போய்த் தம்பியின் கையைப் பிடித்தேன். அவன் தேம்பிக்கொண்டே என் காதருகில் குனிந்து, "தொடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

தொடலாம் என்றேன். செல்வம் உயிரோடு இருந்த இத்தனை வருஷமும் தொட்டிருக்கலாம் என்றேன்.